ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள் பன்னிரண்டில் எங்கே?

அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழக ஆயர் பேரவைக்கும், பெண்கள் பள்ளிகளை நடத்தும் துறவற சபைகளின் தலைவியருக்கும், தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும், எங்களுக்கும்

முகவுரை

தமிழ்நாட்டின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளில் படித்தவர்களும், அங்கே பாடம் நடத்துபவர்களும், இன்று மகள்களை அங்கே அனுப்பும் பெற்றோரும் சேர்ந்து இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். எங்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப் படியேறியவர்கள் எங்களில் பலர். பீடி சுற்றிய அம்மாவும், மீன் கூடை சுமந்த அம்மாவும், தீப்பெட்டி ஒட்டிய அம்மாவும் "சிஸ்டர் கையில ஒப்படைச்சிட்டேன், இனி கவலையில்ல" என்று சொல்லி விட்டுப்போன பிள்ளைகள் நாங்கள். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் பட்ட கடனைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

இந்தப் பள்ளிகள் எப்படிப் பிறந்தன என்பதை மறக்கலாகாது. அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் 1842-இல் சென்னைக்கு வந்தார்கள். 1844-இல் புதுச்சேரியில் கூடிய திருச்சபை மன்றம் பெண் குழந்தைகளின் கல்வியைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டு அருட்தந்தை துப்புய் நம் மண்ணின் பெண்களைக் கொண்டே மரியின் தூய இருதய சபையைத் தொடங்கினார். 1858-இல் திருச்சிராப்பள்ளியில் அன்னம்மாள் என்ற கைம்பெண்ணைக் கொண்டு புனித அன்னாள் சபை முளைத்தது. பெண்ணுக்கு எழுத்தறிவித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பிய காலம் அது. யாரும் சேர்த்துக்கொள்ளாத பெண்ணுக்காக இவர்கள் கதவைத் திறந்தார்கள்.

இன்று ஒவ்வொரு மே மாதமும் பள்ளி வாசலில் பேனர் கட்டப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று அது சொல்கிறது. அந்தக் கணக்கில் வராத பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆறாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்தவள், ஒன்பதில் டி.சி. வாங்கிப் போனவள். தேர்வு எழுதியவர்களை மட்டும் எண்ணினால் நூறு எப்போதும் நூறாகவே இருக்கும். ஒரு பெண்கள் பள்ளியின் வலிமையை வேறொரு கேள்வியால் அளக்க வேண்டும் என்கிறோம்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் பன்னிரண்டை இங்கேயே முடித்தார்கள்? மற்றவர்கள் எங்கே?

கீழே உள்ள கோரிக்கைகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவை.

பகுதி ஒன்று: துறவற சபைகளிடமும் ஆயர்களிடமும்

1. தலைமை ஆசிரியையைத் தேர்ந்தெடுங்கள், தயார் செய்யுங்கள், நிலைத்திருக்க விடுங்கள்

சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு தருகிறது. தலைமைப் பொறுப்புக்கு உரியவரை நிர்வாகமே தேர்ந்தெடுக்கலாம், பணிமூப்பு அதற்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1998-இலும் 2006-இலும் தெளிவுபடுத்தியது. இவ்வளவு பெரிய உரிமை கையில் இருக்க, நடப்பில் பல இடங்களில் மே மாதம் வரும் ஒரு மாற்றல் கடிதமே தலைமையைத் தீர்மானிக்கிறது. புதிதாக வருபவர் ஊரை அறிந்து, ஆசிரியர்களை அறிந்து, எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன சிக்கல் என்று அறிந்து முடிக்கும்போது அடுத்த கடிதம் வந்துவிடுகிறது. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மாற்றலுக்குக் கீழ்ப்படிபவர் சிஸ்டர், அதன் விலையைக் கொடுப்பவள் மாணவி.

ஆகவே கோருகிறோம்:

அ) அடுத்த தலைமை ஆசிரியை யார் என்பதை ஓராண்டு முன்பே முடிவு செய்து, அந்த ஆண்டு முழுவதும் அவர் இன்றைய தலைமையோடு சேர்ந்து பணியாற்ற வழி செய்ய வேண்டும்.

ஆ) தலைமைப் பொறுப்பு குறைந்தது ஐந்து ஆண்டுகள் நீடிக்க வேண்டும். கல்வியாண்டின் நடுவில் மாற்றல் கூடாது.

இ) கணக்கு வழக்கு, பணியிட நிர்ணயம், குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள், வகுப்பறையைப் பார்வையிட்டு ஆசிரியருக்கு வழிகாட்டுவது, கோபத்தோடு வரும் பெற்றோரிடம் பேசுவது ஆகியவற்றில் பொறுப்பேற்கும் முன்பே பயிற்சி வேண்டும்.

ஈ) தகுதியுள்ள சிஸ்டர் இல்லாதபோது, பள்ளியில் இருபது ஆண்டு உழைத்த பொதுநிலைப் பெண் ஆசிரியர் அந்த நாற்காலியில் அமரலாம் என்பதை எழுத்தில் ஏற்க வேண்டும். துறவற அழைத்தல் குறைந்து வரும் காலத்தில் இதைத் தள்ளிப்போட முடியாது.

உ) போகிறவர் வருகிறவரிடம் சாவிக்கொத்தோடு ஒரு குறிப்பேட்டையும் ஒப்படைக்க வேண்டும். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள், வீட்டில் ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள், பாதியில் நிற்கும் வேலைகள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும்.

2. தாளாளருக்கும் தலைமை ஆசிரியைக்கும் எல்லை வகுங்கள்

சில இடங்களில் மடத்தின் தலைவியே தாளாளர். தலைமை ஆசிரியையோ அதே மடத்தில் அவருக்குக் கீழ்ப்பட்ட சகோதரி. பள்ளியில் எடுக்க வேண்டிய முடிவு அங்கே சாப்பாட்டு மேசையில் எடுக்கப்படுகிறது. கால அட்டவணை, வகுப்புப் பங்கீடு, மாணவர் ஒழுங்கு ஆகியவை தலைமை ஆசிரியையின் பொறுப்பு. நியமனம், சொத்து, நிதி ஆகியவை தாளாளரின் பொறுப்பு என்று எழுதி வைத்து ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இரு பொறுப்பையும் ஒருவரே வகிக்கக் கூடாது.

3. ஒரே ஓய்வறையில் இரண்டு வகை ஆசிரியர்கள் வேண்டாம்

1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் அரசு நிதியுதவி இல்லை. அதனால் பிறகு வந்த ஆங்கில வழிப் பிரிவுகளும் புதிய மேல்நிலைப் பாடப்பிரிவுகளும் சுயநிதியில் ஓடுகின்றன. அவற்றின் ஆசிரியர்கள் 'மேனேஜ்மென்ட் ஸ்டாஃப்'. பக்கத்து நாற்காலியில் அரசு ஊதியம் வாங்குபவருக்கு நிகரான பட்டமும் பாடவேளையும் இவருக்கும் உண்டு. ஊதியம் மட்டும் அதன் ஒரு சிறு பகுதி. எங்களில் ஒருவர் பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது அவருடைய வகுப்பில் வேறொருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பெண்ணின் முன்னேற்றத்துக்காக நிற்கும் பள்ளியில் ஒரு தாய்க்கு அப்படி நேரக் கூடாது.

எழுத்துப்பூர்வமான பணி ஆணை, ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்த ஊதிய விகிதம், வருங்கால வைப்பு நிதி, ஊதியத்தோடு 26 வார மகப்பேறு விடுப்பு, கோடை விடுமுறை ஊதியம் ஆகியவற்றை இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லா மேனேஜ்மென்ட் ஆசிரியர்களுக்கும் வழங்க வேண்டும். புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் இதைச் செய்ய வேண்டும்.

4. சேர்க்கையில் கடைசியில் நிற்பவளுக்கு முதலிடம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கல்வி அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகளுக்கும், குடும்பத்தின் ஆதரவு இல்லாதவர்களுக்கும், விசுவாசத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் சிறப்பாகக் கைகொடுக்க வேண்டும் என்கிறது. அதைச் சுட்டியே கோருகிறோம்: சேர்க்கைக்காகப் பெற்றோரை நேர்காணல் செய்யக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர், தனித்து வாழும் தாயின் மகள், மாற்றுத்திறனாளி, தலித், பழங்குடி, மீனவர் குடும்பத்துப் பிள்ளை ஆகியோருக்கு முன்னுரிமை என்ற விதியை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

தலித் கிறிஸ்தவப் பெண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் அவளுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. மாநிலத்தில் அவள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறாள். சேரியில் அவள் படும் துன்பத்தில் எதுவும் குறையவில்லை, அரசின் உதவி மட்டும் குறைந்தது. இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனக் கொள்கை வெளியிட்டது. அந்தக் கொள்கை பள்ளி அலுவலகம் வரை வர வேண்டும். சட்டம் அவளுக்கு மறுத்த சலுகையைத் திருச்சபை தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும்.

தேர்ச்சி விகிதத்துக்காக ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றிலும் பிள்ளைகளை வெளியேற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். கட்டணப் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பதும், மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைப்பதும், காலை வழிபாட்டில் பெயரை வாசிப்பதும் கூடாது.

5. படிப்பு தரமாக இருக்க வேண்டும்

வட்டாரத்தின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையாத கல்வித் தரம் கத்தோலிக்கப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 806-ஆம் பிரிவில் விதிக்கிறது. ஒழுக்கமும் சுத்தமான சீருடையும் அந்தத் தரத்துக்கு ஈடாகா.

ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை வாசிப்புக்கென்றே ஒதுக்கி, முதல் ஆண்டிலேயே கரையேற்ற வேண்டும். ஒன்பதில் வெளியேறுபவள் பெரும்பாலும் ஆறிலேயே பின்தங்கியவள். பெண்கள் பள்ளி என்பதற்காக இயற்பியல் ஆய்வகமும் கணினி அறையும் பெயருக்கு இருக்கக் கூடாது. தமிழ் வழிப் பிரிவை மெல்ல மூடிவிட்டு ஆங்கில வழியை மட்டும் வளர்க்கக் கூடாது. தமிழ் வழி வகுப்புக்கும் அதே தரமான ஆசிரியர், அதே நூலகம், அதே மைதானம் வேண்டும். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும்.

6. பாதுகாப்பில் மூடி மறைப்பதற்கு இடமில்லை

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் காவல் துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைக்கும் நிறுவனத் தலைவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்த சட்டம், குருக்களும் துறவியரும் இத்தகைய புகாரைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. பள்ளியின் பெயர் கெடும் என்ற அச்சத்தில் உள்ளுக்குள் பேசி முடிப்பது இரண்டு சட்டங்களுக்கும் எதிரானது; பெயரையும் அது காப்பதில்லை.

1098, 14417 ஆகிய உதவி எண்களை ஒவ்வொரு வகுப்பறையிலும் கழிவறைக் கதவின் உட்புறத்திலும் எழுதுங்கள். புகார்ப் பெட்டியைத் திறக்கும்போது பள்ளிக்கு வெளியே இருந்து ஒரு பெண் உடனிருக்கட்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழுவை அமைத்து, உறுப்பினர் பெயர்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். முழுநேர மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும். காதல் கடிதம் பிடிபட்ட பெண்ணைக் கூட்டத்தில் நிறுத்துவதும், டி.சி. கொடுத்து அனுப்புவதும் அவளைக் கல்யாண மேடைக்குத் தள்ளிவிடும் என்பதைப் பல முறை கண்டவர்கள் நாங்கள்.

தண்ணீர் வரும் கழிவறை, நாப்கின், அதை அகற்றும் வசதி ஆகியவை பெண்கள் பள்ளியின் முதல் கட்டடப் பணி. 2004-இல் கும்பகோணத்தில் கூரைக்கடியில் 94 குழந்தைகளைத் தீக்குக் கொடுத்த மாநிலம் இது. நூற்றாண்டுக் கட்டடம் பெருமைக்குரியதுதான். ஆண்டுதோறும் பொறியாளரின் சான்று பெற்றால் மட்டுமே அதில் வகுப்பு நடக்க வேண்டும். போர்டிங் பிள்ளைகள் தங்கும் விடுதிகள் 2014-ஆம் ஆண்டின் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும்.

7. செபமும் மனச்சாட்சியும்

கெபியின் முன் நின்று தேர்வுக்கு வேண்டிக்கொண்ட இந்துப் பிள்ளைகளும் இஸ்லாமியப் பிள்ளைகளும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. அந்த நல்லுறவே எங்கள் சொத்து. அரசு உதவி பெறும் நிறுவனத்தில் ஒப்புதல் இன்றிச் சமயப் போதனையில் யாரையும் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு. இந்திய ஆயர் பேரவை 2024-இல் தந்த வழிகாட்டுதல்களும் பிற சமயப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ மரபைத் திணிக்க வேண்டாம் என்றும், காலைக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இதை எல்லாப் பள்ளிகளும் கடைப்பிடிக்கட்டும். அதோடு, கத்தோலிக்கப் பிள்ளைகளின் மறைக்கல்வியும் மற்றவர்களின் நன்னெறி வகுப்பும் தேர்வுக் காலத்தில் பறிபோகாமல் நடக்க வேண்டும்.

8. கணக்கைத் திறந்து வையுங்கள்

நிர்வகிக்கும் உரிமையில் சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் கேரளக் கல்வி மசோதா வழக்கில் 1958-லேயே சொல்லிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கட்டண வரவு, நன்கொடை, செலவு அனைத்தையும் வாசித்து, ஒரு படியைப் பலகையில் ஒட்ட வேண்டும். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

பகுதி இரண்டு: தமிழ்நாடு அரசிடம்

9. உதவி பெறும் பள்ளியில் காலிப் பணியிடம் விழுந்து, நிர்வாகம் விதிப்படி நியமித்தால், அறுபது நாட்களுக்குள் ஒப்புதல் தர வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒப்புதலுக்காக ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றிக் காத்திருந்து, கடைசியில் நீதிமன்றப் படியேறிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் அவர்களிடம் படித்த பிள்ளைகளும் அதன் சுமையைச் சுமந்தார்கள்.

10. 1991-92 முதலான நிதியுதவித் தடையைத் தளர்த்த வேண்டும். குறைந்தது, முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் பெண்கள் மேல்நிலைப் பிரிவுகளுக்கும் தமிழ் வழி வகுப்புகளுக்கும் ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்க வேண்டும்.

11. உதவி வழங்குவதில் சிறுபான்மை நிறுவனம் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 30-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. மாணவிக்குப் போகும் சலுகையிலும் அந்த உணர்வு இருக்க வேண்டும். காலை உணவு 2024 ஜூலையில் ஊரக உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளுக்கும் வந்தது, வரவேற்கிறோம். ஆறாம் வகுப்பிலும் பசி இருக்கிறது, எட்டாம் வகுப்பு வரை அதை நீட்டியுங்கள். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 2024 டிசம்பர் முதல் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவளுக்கும் கிடைக்கிறது. அதே தாழ்வாரத்தில் ஆங்கில வழியில் படித்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு இல்லை. குடும்ப வருமானத்தை அளவாகக் கொண்டு அவளையும் சேருங்கள். மருத்துவப் படிப்பில் 2020 முதல் நடப்பில் உள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் உரியது. அந்தப் பங்கிலிருந்து ஓர் இடத்தையும் எடுக்காமல், உதவி பெறும் பள்ளியின் ஏழை மாணவிகளுக்குத் தனியாக ஒரு வழி செய்யுங்கள்.

12. கழிவறைப் பராமரிப்பு, தூய்மைப் பணியாளர், இரவுக் காவலர், மனநல ஆலோசகர் ஆகியோருக்கான நிதியை உதவி பெறும் பெண்கள் பள்ளிகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

பகுதி மூன்று: எங்களிடம்

பிறரிடம் மட்டும் கேட்பது முறையாகாது. எனவே இந்த உறுதிமொழிகளை நாங்களும் ஏற்கிறோம்.

முன்னாள் மாணவியராகிய நாங்கள் வளைவும் சிலையும் கட்ட நிதி திரட்ட மாட்டோம். ஒரு மேனேஜ்மென்ட் ஆசிரியரின் வைப்பு நிதிப் பங்கு, ஒரு பிள்ளையின் பேருந்துச் செலவு, ஆறாம் வகுப்பு வாசிப்புப் பாடவேளை ஆகியவற்றுக்கே எங்கள் பணமும் நேரமும் போகும்.

பெற்றோராகிய நாங்கள் மகள் பன்னிரண்டை முடிக்கும் முன் அவள் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டோம். 'எங்க பிள்ளையை அந்தப் பிள்ளை பக்கத்தில உட்கார வைக்காதீங்க' என்று எந்தத் தலைமை ஆசிரியையிடமும் போய்ச் சொல்ல மாட்டோம். சொல்பவரோடு சேர்ந்து நிற்கவும் மாட்டோம். சிஸ்டர் ஒருவர் நேர்மையான முடிவெடுத்து ஊரின் கோபத்துக்கு ஆளானால் அவர் பக்கம் நிற்போம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் டியூஷன் பணம் வாங்க மாட்டோம். சாதியையோ நிறத்தையோ வீட்டு வறுமையையோ சுட்டும் ஒரு சொல்லும் எங்கள் வாயிலிருந்து வராது. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் போவோம்.

நிறைவேற்றம்

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒவ்வொரு பள்ளியும் ஒரே ஒரு தாளை வெளியிட வேண்டும். அதில் ஐந்து வரிகள் போதும்: ஏழு ஆண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் இங்கேயே பன்னிரண்டை முடித்தவர் எத்தனை பேர், இடையில் போனவர்கள் எங்கே போனார்கள், முதல் தலைமுறையாகப் படிப்பவர் எத்தனை பேர், மேனேஜ்மென்ட் ஆசிரியரின் குறைந்தபட்ச ஊதியம் எவ்வளவு. துறவற சபையின் மாநிலத் தலைவி அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். ஆயர் ஆண்டுக்கு ஒரு முறை அதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கக் கேட்க வேண்டும். முதல் தாளை வரும் கல்வியாண்டிலேயே எதிர்பார்க்கிறோம். எண்கள் குறைவாக இருந்தால் குறை கூற மாட்டோம், மறைக்கப்பட்டால் கேட்போம்.

நூறு விழுக்காடு பேனரை அவிழ்க்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இந்தத் தாளையும் ஒட்டச் சொல்கிறோம். "சிஸ்டர் கையில ஒப்படைச்சிட்டேன்" என்று சொல்லிப்போன அம்மா ஒருநாள் வாசலில் வந்து நிற்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த மகள் அந்த மூன்றாவது வரியை அவளுக்கு வாசித்துக் காட்டுவாள். அப்போது அந்த வரியில் எழுத யாருமே இல்லாத பள்ளியாக நம் பள்ளி இருக்க வேண்டும்.